பார்த்துப் போகக் கூடாதா?

யாராவது கால் இடறி விழுந்தால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "அடி பட்டதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், நான் வளர்ந்த வீட்டிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளிலும் முதலில் வருவது, "பார்த்துப் போகக் கூடாதா?" என்ற கேள்விதான். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் என் முழங்காலைக் கழுவி மருந்து போடுவார். ஆனாலும், அந்தக் கேள்வி விழுந்தவர்மீதே பழியைப் போட்டுவிடுகிறது. சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அது தவறான ஆளிடம் கேட்கப்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தவறான ஆள் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

நாங்கள் ஒன்பது பேர். வார இறுதியில் ஒன்றாகச் சேர்ந்து மிதிவண்டி ஓட்டுபவர்கள். அன்று காலை 6.30 மணிக்குக் கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்தின் அருகில் கூடினோம். இன்னும் விடிந்திருக்கவில்லை. கிராஞ்சி அணைக்கட்டைக் கடந்து, நியோ தியூ சாலை வழியாக லிம் சூ காங் பக்கம் போய்த் திரும்பி, பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். உண்மையைச் சொன்னால், எங்களில் சிலர் அந்தப் பரோட்டாவுக்காகவே இவ்வளவு தூரம் மிதிப்பவர்கள்.

நியோ தியூ சாலையில் போயிருக்கிறீர்களா? அடுக்குமாடி வீடுகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வேறோர் ஊர் போலத் தெரியும். சாலையின் ஓரங்களில் மரங்கள், பண்ணைகள், வேலிகள். சிறிது தூரத்தில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு தடம்தான். ஆகவே, அங்கே இருவர் இருவராக இணைந்து ஓட்டக்கூடாது. ஒருவர்பின் ஒருவராகத்தான் போகவேண்டும். நாங்கள் ஐவர் முன்னாலும், நால்வர் சற்று இடைவெளி விட்டுப் பின்னாலும் போனோம்.

என் குழுவில் வழிநடத்தியவர் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் நண்பர். அவருக்குப் பின் இன்னொருவர். மூன்றாவது நான். நான்காவது, பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன். எங்களோடு அவன் வந்தது அது மூன்றாவது முறை. கடைசியில் ஓர் அக்கா. அவர் அதிகம் பேசமாட்டார்.

முந்தைய இரவு நல்ல மழை. பண்ணை ஒன்றிலிருந்து லாரிகள் வெளியே வரும் இடத்தில் சாலையின் இடப்பக்க ஓரம் உடைந்து, சிறு குழி ஒன்று விழுந்திருந்தது. அதில் தண்ணீர் நிறைந்திருந்ததால் அது குழி என்றே தெரியவில்லை. வெறும் ஈரம் போலப் பளபளத்தது. முன்னால் சென்றவர் அதைக் கவனித்துவிட்டார். இடக்கையைக் கீழே நீட்டிச் சுட்டிக்காட்டியபடி சற்று வலப்பக்கம் விலகினார். இரண்டாமவரும் அப்படியே கையை நீட்டிவிட்டு விலகினார். நானும் விலகினேன். ஆனால், கையை நீட்டவில்லை. என் இடக்கையில் தண்ணீர்க் குப்பி இருந்தது. குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாயில் தண்ணீர் இருந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. உலோகம் தார்ச்சாலையில் உரசும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. தம்பியின் முன்சக்கரம் குழிக்குள் இறங்கி, கைப்பிடி திரும்பி, அவன் இடப்பக்கமாகப் புல்லில் விழுந்தான். அக்கா எப்படியோ மோதாமல் நின்றுவிட்டார்.

நாங்கள் எல்லாரும் நிறுத்தித் திரும்பி ஓடினோம். பின்னால் வந்த நால்வரும் வந்து சேர்ந்தார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. ஒரு மணிக்கட்டை அவன் மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் வழிகாட்டி நண்பர் அவனைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டே, "பார்த்துப் போகக் கூடாதாப்பா?" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

தம்பி எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். "மன்னிச்சிடுங்க. என்னால எல்லாரும் நிக்க வேண்டியதாப் போச்சு," என்றான்.

"பரவாயில்லப்பா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்று நான் சொன்னேன்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்திற்காகத்தான். நான் செய்த தவற்றுக்கு அவன் மன்னிப்புக் கேட்டான். நானோ பெரிய மனிதரைப் போல அவனை மன்னித்தேன். அடுத்த சில நிமிடங்களில் மற்றவர்களும் தத்தம் கருத்தைச் சொன்னார்கள். "நேரம் சரியில்லை" என்றார் ஒருவர். "மழைதான் காரணம்" என்றார் இன்னொருவர். "தற்செயலாக நடந்தது" என்று முடிவாயிற்று. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. தம்பி விழுந்தது இடப்பக்கம், புல்லில். வலப்பக்கம் விழுந்திருந்தால், அந்த லாரி இரண்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தால் என்று நினைத்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அது தற்செயல் அல்ல என்பதே என் கருத்து. மழை தற்செயலாக இருக்கலாம். குழிகூடத் தற்செயலாக இருக்கலாம். ஆனால், அந்தக் குழியை மூன்று பேர் பார்த்தார்கள். நான்காவது ஆளுக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் ஒரு மனிதர்தான்.

"அவனுக்கும் கண் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லக்கூடும். இதற்குக் கணக்கே பதில் சொல்லும். நாங்கள் அப்போது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அதாவது, ஒரு நொடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர். என் பின்சக்கரத்துக்கும் அவன் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இருந்திருக்கும். நான் குழியைவிட்டு விலகிய பிறகு, அது அவன் கண்ணில் பட்டு அவன் சக்கரம் அதை அடைவதற்குள் இருந்த நேரம் ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி. ஆபத்தைக் கண்டு, மூளை அதைப் புரிந்துகொண்டு, விரல்கள் பிரேக்கை அழுத்துவதற்கே நம்மில் பலருக்கு ஒரு நொடியளவு ஆகிவிடும். அந்த நேரத்தில் மிதிவண்டி 8 மீட்டர் போயிருக்கும். அதுவரை என் முதுகும் என் சக்கரமும் அவனுக்குச் சாலையை மறைத்துக்கொண்டிருந்தன. அவன் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அப்படியானால், ஏன் இவ்வளவு நெருங்கி ஓட்டவேண்டும்? காற்றுதான் காரணம். வேகமாக மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் போகிறவர் காற்றை ஏற்றுக்கொண்டால், அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். குழுவாக ஓட்டுவதில் உள்ள இன்பமே அதுதான். தனியாக ஓட்டினால் மூச்சு வாங்கும் தூரத்தை, நண்பர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால், அதற்கு நாம் கொடுக்கும் விலை நம் பார்வை. பின்னால் வருபவர் தம் கண்களை முன்னால் போகிறவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். ஆகவே, கையை நீட்டிக் குழியைக் காட்டுவது மரியாதைக்காகச் செய்யும் காரியம் அன்று. விரும்பினால் காட்டலாம், கை ஓய்வாக இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று அதை நினைக்க நமக்கு உரிமை இல்லை.

சிங்கப்பூரில் குழுவாக ஓட்டுபவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், ஒரு குழுவின் நீளம் ஐந்து மிதிவண்டிகளைத் தாண்டக்கூடாது. ஒருவர்பின் ஒருவராகப் போனால் ஐவர். இருவர் இருவராகப் போக அனுமதி உள்ள சாலைகளில் பத்துப் பேர். இரண்டு குழுக்களுக்கு இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டர், விட்டுப் போகும்படி ஆலோசனையும் கூறப்பட்டுள்ளது. சாலையில் தலைக்கவசம் அணிவதும் கட்டாயம். அன்று நாங்கள் இவை அனைத்தையும் பின்பற்றியிருந்தோம். எங்கள்மீது யாரும் ஒரு வெள்ளி அபராதம்கூட விதித்திருக்க முடியாது. ஐந்து பேர் போகலாம் என்று சட்டம் சொல்லும். மூன்றாவது ஆள் நான்காவது ஆளுக்குக் குழியைக் காட்டினானா என்று பார்க்கச் சட்டத்தால் முடியாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மிதிவண்டி ஓட்டும் நாங்கள் கார் ஓட்டுநர்களைப் பற்றி நிறையப் பேசுவோம். எங்களைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. யாராவது நெருங்கிக் கடந்துவிட்டால், பரோட்டாக் கடையில் அன்று முழுவதும் அதே பேச்சுத்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அன்று தம்பி விழுந்த நேரத்தில் எங்கள் அருகில் ஒரு கார்கூட இல்லை. அவனுக்கு மிக அருகில் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

எதிர்க்கருத்து ஒன்றில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். புதிதாக வந்தவன் சற்று இடைவெளி விட்டு ஓட்டியிருக்கலாம் என்று நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். சரிதான். ஆனால், அதை அவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? மூன்றாவது முறையாக வருகிற ஒருவன், தான் மட்டும் பின்தங்கிப் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுவது இயல்பு. பள்ளியில் புதிய இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்த முதல் சில வாரங்களை நினைத்துப் பாருங்கள். "கொஞ்சம் மெதுவாகப் போகலாமா?" என்று கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அவன் அன்று என்னை ஒட்டி வந்ததற்குக் காரணம் திமிர் அன்று. எங்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம்தான். அவன் கேட்ட மன்னிப்பிலேயே அது தெரிந்தது.

அக்கா மோதாமல் எப்படி நின்றார் என்று பிறகு அவரிடம் கேட்டேன். "புதுப் பையன் முன்னாடி போறான். அதனால கிளம்பினதிலிருந்தே ரெண்டு சைக்கிள் தூரம் விட்டுத்தான் வந்தேன்," என்றார். காற்றின் உதவி அவருக்கு அவ்வளவாகக் கிடைத்திருக்காது. வழி முழுவதும் எங்களைவிட அதிகம் மிதித்திருப்பார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவரும் சொல்லிக்காட்டவில்லை.

விழுந்த பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். தம்பி எழுந்து நின்றதும், "ஒன்னுமில்ல, ஓட்டலாம்," என்றான். எங்களில் பாதிப் பேர் உடனே மிதிவண்டியில் ஏறத் தயாராகிவிட்டார்கள். எனக்கும், மறைக்காமல் சொல்கிறேன், அது நிம்மதியாக இருந்தது. அவன் ஓட்டிவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமல்லவா? அக்காதான் விடவில்லை. அவனை உட்காரச் சொன்னார். "இன்னைக்கு என்ன கிழமை? நாம எங்கேயிருந்து கிளம்பினோம்? விழுறதுக்கு முன்னாடி என்ன பார்த்தே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தலை வலிக்கிறதா, சுற்றுகிறதா, வாந்தி வருவது போல் இருக்கிறதா என்றும் கேட்டார். அவன் சரியாகவே பதில் சொன்னான். அப்படியும் அவர் அவனுடைய தலைக்கவசத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தில், காதுக்கு மேலே, மயிரிழைபோல் ஒரு விரிசல் இருந்தது.

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பொருள், புதிய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களே, அதைப் போன்றது. தலை மோதும்போது அது தான் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த அடியைத் தாங்காது. வெளியிலிருந்து பார்த்தால் புதியது போலவே இருக்கும். அதை மீண்டும் அணிந்துகொண்டு இன்னும் பல கிலோமீட்டர் ஓட்ட அவன் தயாராக இருந்தான். நாங்களும் அவனை விடத் தயாராக இருந்தோம்! விழுந்தவுடன் உடலில் ஏற்படும் பரபரப்பு வலியை மறைத்துவிடும். தலையில் பட்ட அடியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். ஆகவே, "ஒன்னுமில்ல" என்று விழுந்தவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த முடிவை அவரைச் சுற்றி நிற்பவர்கள் எடுக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பெரிய டாக்சி ஒன்றை வரவழைத்து, மிதிவண்டியையும் ஏற்றி, அக்காவும் கூடவே மருத்துவரிடம் போனார். மணிக்கட்டில் சுளுக்கு, தலையில் பாதிப்பு இல்லை. நாங்கள் மீதிப் பேர் பரோட்டாக் கடைக்குப் போகாமலே வீடு திரும்பினோம்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் மாலைதான் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பள்ளியைப் பற்றிக் கேட்டேன். அவனுடைய அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். ("பார்த்துப் போகக் கூடாதான்னுதான்!" என்று சிரித்தான்.) சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லிவிட்டேன். "தம்பி, எனக்கு முன்னாடி போனவர் குழியைக் காட்டினார். நான் உனக்குக் காட்டல. என் கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு."

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "தெரியும் அங்கிள். நீங்க குடிச்சதைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்," என்றான்.

தெரிந்திருந்தும் அவன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரியவங்க நீங்க. எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?" என்றான்.

பெரியவர்களை மதிக்கவேண்டும் என்று நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது நல்ல பாடம்தான். ஆனால், அந்த மரியாதை அன்று என் தவற்றை மூடிமறைக்க உதவியது. அதன் நிழலில் நான் ஒன்றரை நாள் சுகமாக இருந்தேன். மாணவர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அவன் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? அவன் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாலையோரத்தில் இரத்தம் கசிய உட்கார்ந்திருப்பவன்மீது அந்தப் பொறுப்பையும் ஏற்றுவது நியாயமில்லை. நான்தான் பேசியிருக்க வேண்டும். அதுவும், அவனிடம் மட்டும் தொலைபேசியில் அன்று, எல்லார் முன்னிலையிலும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும் முன்பு, மற்ற ஏழு பேரிடமும் சொன்னேன். ஒரு நிமிடம்தான் ஆயிற்று. வழிகாட்டி நண்பர் ஒன்றும் சொல்லாமல் தம் கைப்பேசியை எடுத்துத் தம்பிக்கு ஏதோ செய்தி அனுப்பினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் குழுவில் சில பழக்கங்கள் மாறின. ஓடிக்கொண்டிருக்கும்போது வரிசையின் நடுவில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது குடிக்கலாம், அல்லது வரிசையின் கடைசிக்குப் போய்க் குடிக்கலாம். புதிதாக வருபவரை இரண்டாவது இடத்தில், வழிகாட்டியின் பின்னாலேயே விடுகிறோம். கையை எடுக்க முடியாதபோது "குழி!" என்று கத்துகிறோம். முதலில் கத்தக் கூச்சமாகத்தான் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தம்பி ஐந்து வாரம் கழித்துப் புதிய தலைக்கவசத்தோடு வந்தான். இரண்டாவது இடத்தில் அவன். அவனுக்குப் பின்னால் நான், இரண்டு மிதிவண்டி தூரம் தள்ளி. அதே பண்ணை வாசல் வந்தது. குழியைத் தார் ஊற்றி மூடியிருந்தார்கள். கறுப்பாக ஓர் ஒட்டு மட்டும் தெரிந்தது. இருந்தும் அவன் இடக்கையை நீட்டி அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினான். நானும் கையை நீட்டினேன்.